என் காலைப்பொழுதைத் திருப்பிக் கேட்டு அக்காவுக்கு

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். கேள்விப்பட்டதை எழுதவில்லை, இன்று காலை இரண்டு பேரையும் நேரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதுகிறேன். உன் முழங்கால், உன் ரத்த அழுத்தம், உன் மகன் வீட்டுப் பூனை எல்லாமும் அவ்வாறே சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. இந்தக் கடிதத்தை என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ராஜினாமாவைப் போதகருக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று நீ கேட்பாய். அனுப்பலாம். அவர் இளைஞர், நல்லவர், உடனே ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொண்ட கையோடு நன்றி ஜெபமும் ஏறெடுப்பார் என்று நினைக்க எனக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் என்னை இந்த ஊழியத்தில் பிடித்துத் தள்ளியவள் நீ. பத்திரிகை அலுவலகத்தில் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று, ஆசிரியர் உட்பட எல்லோரும் கேட்கிற மாதிரி, "இனிமே காலையில என்னடா பண்ணப்போறே?" என்று கேட்டாய். நான் உள்ளதைச் சொன்னேன். வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, கிடைக்கிற பத்திரிகைகளை எல்லாம் பரப்பி வைத்து, சிவப்புப் பென்சிலால் பிழை பிடிக்கப்போகிறேன், துணைக்குக் கமாவும் வருவான் என்றேன். (கமா என்பது எங்கள் பழைய பிழைதிருத்துநரின் பட்டப்பெயர். அவன் பேசும்போதுகூட இடையிடையே நிறுத்தி மூச்சு விடுவான்.) அதற்கு நீ, "நாளைக்குக் கர்த்தர் முன்னாடி நிக்கும்போது, உனக்குக் குடுத்த நேரத்தை என்ன பண்ணினேன்னு அவர் கேட்டா, எட்டாம் பக்கத்துல எழுத்துப்பிழை பிடிச்சேன்னு சொல்லுவியா?" என்று கேட்டாய். ஆசிரியர் சிரித்தார். கமா சிரித்தான். நாலு பேர் நடுவில் மானம் போன அவசரத்தில், காலை நேரத்தைக் கர்த்தருடைய வேலைக்குக் கொடுப்பதாக உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஆகையால் என் காலைப்பொழுதைத் திருப்பித் தரவேண்டியவளும் நீதான். தகுந்த காரணமில்லாமல் கேட்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

சபையில் என்னை வீடு சந்திக்கும் குழுவில் சேர்த்தார்கள். குழு என்றால் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை, இப்போது நான், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் பாட்டுக் குழுவுக்குப் போய்விட்டார்கள், அங்கே மின்விசிறி உண்டு. முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். தலைமையாசிரியை பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தார், நான் என் ஆளிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று உட்கார்ந்தேன். நிருபனாக இருந்தவனுக்குத் தெரிந்த நாலு வார்த்தை எது என்று உனக்குத் தெரியும். "வலி எப்ப ஆரம்பிச்சது? அப்ப கூட யார் இருந்தாங்க? இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த அம்மா, பெரியவரின் மனைவி, எழுந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். எங்க வக்கீல் வரட்டும்" என்றாள். நான் காப்பீட்டுக் கம்பெனியின் ஆள் என்று நினைத்துவிட்டாள். தலைமையாசிரியை வந்து, "இல்லம்மா, பிரதர் சபையிலிருந்துதான் வந்திருக்கார்" என்று எவ்வளவோ சொல்லியும், நாங்கள் படியிறங்கும்வரை அவள் கண்ணை என்மேல் வைத்திருந்தாள்.

சரி, பேசத்தானே வரவில்லை, ஜெபிப்போம் என்று அடுத்த வீட்டில் ஜெபித்தேன். அக்கா, வாழ்நாள் முழுக்க ஒரு மாதிரி எழுதிவிட்டு வேறு மாதிரி ஜெபிக்க எனக்கு வரவில்லை. முக்கியமானதை முதல் வரியில் சொல்லிவிட்டு, விவரங்களைக் கீழே கீழே வைத்துக்கொண்டு போனேன். இடம் போதாவிட்டால் கர்த்தர் கடைசியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம் அல்லவா? அதுகூடப் பரவாயில்லை. நேரில் பார்க்காத எதையும் நானாகச் சொன்னதில்லை என்பது என் தொழில் நேர்மை. அந்த நேர்மை என்னைக் கேட்காமலே வாயில் வந்துவிட்டது. "கர்த்தாவே, நீர் இரக்கமுள்ளவர் என்று கூறப்படுகிறது" என்று ஆரம்பித்துவிட்டேன். தலைமையாசிரியை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். சரிசெய்வதாக நினைத்து, "இதை நம்பத்தகுந்த பலர் உறுதி செய்துள்ளனர்" என்று சேர்த்தேன். அவர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோது, "நல்லவேளை, மறுப்புத் தெரிவிக்கக் கர்த்தருக்கு ஒரு வாய்ப்புத் தராம விட்டீங்களே" என்றாள். இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

அதன்பிறகு, வாயைத் திறக்காமல் செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுப்போம் என்று போதகர், வாரக் கூட்டத்துக்கான ஜெபக் குறிப்புகளைச் சேகரிக்கிற பொறுப்பைத் தந்தார். யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். இதைவிட எனக்கு ஏற்ற வேலை உண்டா? ஆனால் கேட்டதை எல்லாம் அப்படியே போட்டுவிட முடியுமா, நீயே சொல். சரிபார்க்க வேண்டாமா? துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி, மாமியார் மிகவும் கவலைக்கிடமாக இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் நேரில் விசாரித்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மாமியார். கையில் துடைப்பம். "கவலைக்கிடமா இருக்கறவங்களைப் பார்க்க வந்தேன்" என்றேன். "யாரு?" என்றாள். நான் விவரம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று இப்போது புரிகிறது. "ஓஹோ, எனக்கே தெரியாம எனக்கு ஜெபம் நடக்குதா? நான் எப்ப கண்ணை மூடுவேன்னு காத்துக்கிட்டு இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா? வரட்டும் அவ, இன்னைக்கு வீட்டுக்கு வரட்டும்!" அன்று மாலை அந்தத் தங்கச்சியின் கணவன் போதகர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான், வீட்டுக்குப் போகப் பயந்து. மாமியாருக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பு இருப்பதாக மருத்துவர் மகனிடம் மட்டும் சொல்லியிருந்தாராம். அவளுக்குத் தெரியாமல் ஜெபிக்கத்தான் சபையில் சொல்லி வைத்தார்களாம். செய்தி உண்மைதான், அக்கா. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. போதகர் என் தோளில் கை போட்டு, "ஐயா, ஜெபக் குறிப்புக்கு ஆதாரம் தேவையில்லை" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அழுவது போல் இருந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் என்னை நடுவரிடம் அனுப்பினார்கள். இனி இந்த ஆளால் யாருக்கும் கெடுதல் வராது, ஏனென்றால் அங்கே பேச்சே கிடையாது என்று நினைத்திருப்பார்கள். நடுவர் என்றால் நீதிமன்றத்துக்காரர் அல்ல, கால்பந்து நடுவர். ஒரு காலத்தில் மைதானமே கத்தினாலும் சொன்ன தீர்ப்பை மாற்றாத மனுஷன். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மாடியில் ஒரு அறை, ஜன்னலுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூட மைதானம், கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல், ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி. அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பித்தான் துளை போடுகிறவள். அவள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "அவருக்குள்ள வார்த்தை இருக்கு சார். தேடி எடுக்க நேரம் ஆகும். வர்றவங்க எல்லாரும் பாவம்னு அவருக்காக முடிச்சு வெச்சுடறாங்க. தினமும் யாராவது பக்கத்துல உக்காந்து, சொல்லிக்குடுக்காம காத்திருந்தா வரும். இந்த ஆரம்ப மாசங்களை விட்டுட்டா அப்புறம் கஷ்டம். அப்படியே அடங்கிடுவார்." தலைமையாசிரியை அங்கே போய்ப் பாடினார், நடுவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாராம். போதகர் போய் வசனம் படித்தார், நடுவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாராம்.

காத்திருக்கத்தானே வேண்டும்? என் தொழிலில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரில் இருக்கிறவனுக்கு அந்த மௌனம் தாங்காது, எதையாவது கொட்டிவிடுவான். எத்தனை பெரிய அதிகாரிகளை இப்படி உளறவைத்திருக்கிறேன்! அந்தத் தைரியத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னைக்கு ஜன்னல்ல என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்கா, ஊரே திட்டும்போது அசையாமல் நின்றவருக்கு என் மௌனம் எம்மாத்திரம்? காலை முழுவதும் அப்படியே போயிற்று. அவர் மனைவி மதியம் சோறு போட ஓடிவந்து பார்த்தபோது இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தோம். "அண்ணா, நீங்க யாருக்குத் துணைக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். மறுநாளும் அதே கேள்வி, அதே மௌனம். அதற்கு மறுநாளும். நாற்காலியின் குட்டைக் கால் பக்கம் சாய்ந்து சாய்ந்து என் இடுப்பு ஒரு பக்கமாகவே நிற்கிறது என்று இவள் சொல்கிறாள்.

பிறகு ஒரு நாள் அது வந்தது. நான் வழக்கம்போல் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிக் கொடுக்கலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மலையைப் புரட்டுகிற மாதிரி, "போ... டா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடிப்படியில் விழாத குறையாக ஓடி, தெருமுனைக் கடையிலிருந்து அவர் மனைவியின் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். "பேசிட்டாரும்மா, பேசிட்டார்!" அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நடுவே ஒரு விசும்பல். "என்னண்ணா சொன்னார்?" "என்னைப் போடான்னு சொன்னார்." அவள் சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. "அவர்தான்ணா அது, அவரேதான்" என்றாள்.

இதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியை அடுத்த ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, நம் பிரதருடைய ஊழியத்தால் ஊமையாயிருந்த வாய் திறந்தது என்று அறிவித்துவிட்டார். சபை முழுவதும் ஸ்தோத்திரம். அப்போது முன் வரிசையிலிருந்த ஒரு பாட்டி, "முதல்ல என்ன வார்த்தைப்பா பேசினார்? கர்த்தரோட நாமமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொல்ல அது இடமில்லை. "அது... ஒரு அனுப்பி வைக்கிற வார்த்தை, அம்மா" என்றேன். "ஊழியத்துக்கு அனுப்புற அழைப்பு!" என்று தலைமையாசிரியை முடித்து வைத்தார். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். இவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனவள், கடைசிப் பாட்டுக்குத்தான் உள்ளே வந்தாள்.

அதிலிருந்து எனக்குத் தினமும் அர்ச்சனை. போடாவுக்கு அடுத்தது மடையா. அதற்கு அடுத்தது தப்பு. சுவிசேஷத்திலிருந்து கொஞ்சம் படிப்போமே என்று படித்தால், இடது கையைத் தூக்கி, "தப்பு" என்கிறார். பார்த்தால் நான் ஒரு வரி தாண்டிப் படித்திருக்கிறேன். ஊரார் பிழையை எல்லாம் பிடித்த எனக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவர் பிழை பிடிக்கிறார். தலையைக் குனிந்து திரும்பப் படிக்கிறேன். அவர் முகத்தில் அந்த நேரம் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதைப் பார்க்கச் சகிக்காது. சில நாள் வேண்டுமென்றே ஒரு வார்த்தையை விட்டுப் படிக்கிறேன். அதையும் கண்டுபிடித்து, "மடையா" என்று சேர்த்துக்கொள்கிறார்.

இவ்வளவையும் பொறுத்தேன். நேற்று நடந்ததுதான் பொறுக்கவில்லை. கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு சாத்தாமல் இருந்தது. அவர் மனைவி அவரைக் கட்டிலில் சாய்த்து வைத்து, ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். தரையில் கழற்றிப் போட்ட நனைந்த துணிகள். நான் வாசலில் நிற்பதை அவர் பார்த்தார். "வராதே" என்றார். திக்கல் இல்லை, தேடல் இல்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. இத்தனை நாளில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை. பையில் வைத்திருந்த வேதப்புத்தகத்தை வெளியே எடுக்காமலே படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆகையால் அக்கா, நான் ஊழியத்தை விடவில்லை, ஊழியம்தான் என்னை விட்டுவிட்டது. மைதானத்தை விட்டுப் போ என்று நடுவர் சொன்னால் ஆட்டக்காரன் போகத்தானே வேண்டும்? உன்னிடம் செய்த சத்தியத்துக்கும் பங்கமில்லை. இன்று காலை கமாவை வரச்சொன்னேன். அவனும், சந்தோஷமாக, ஒரு கட்டுப் பத்திரிகையோடு, வந்தான். வராந்தாவில் வெயில் இதமாக இருந்தது. இவள் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தாள். முதல் பக்கத்திலேயே, காலமானவர் தம் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு நன்றி தெரிவித்ததாகப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்று கிடைப்பதற்கு வருஷக்கணக்கில் காத்திருப்போம். கமா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன், அவன் சிரித்ததால். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இல்லை. "என்னடா, நாக்கு செத்த மாதிரி உக்காந்திருக்கே?" என்றான். "மணி என்ன?" என்று கேட்டேன். அவர் மனைவி வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரம். இனி மதியம்வரைக்கும் அந்த அறையில் யாரும் இல்லை. அது என் கவலை இல்லை. நான் தகவலுக்காகச் சொல்கிறேன்.

எனவே என் காலைப்பொழுதை எனக்குத் திருப்பித் தந்ததாக ஒரு வரி எழுதிப் போடு. திட்டுவதானால் போனில் திட்டாதே, கடிதத்தில் திட்டு. போனில் இவள் ஒட்டுக்கேட்டு உன் பக்கம் பேசுவாள். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. இதைக் கேள்விப்பட்டதாக எழுதவில்லை, அவர் காப்பார் என்று எனக்கே தெரியும். உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி.

திருத்தம்: மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வெளிவந்த செய்தியை அழிக்கக்கூடாது, கீழே திருத்தம்தான் போட வேண்டும். உறையை ஒட்டும்போது வாசலில் நடுவரின் மனைவி வந்து நின்றாள். மூச்சு வாங்குகிறது, வேலைக்குப் போகவில்லை. "அண்ணா, ஏன் இன்னைக்கு வரல?" என்றாள். அவரே வராதே என்று சொல்லிவிட்டாரேம்மா என்றேன். என் வாயில் என்னவோ சின்னப் பிள்ளை கோபித்துக்கொண்ட மாதிரி வந்தது. "அவருக்கு வெக்கம்ண்ணா. அந்த நிலைமையில நீங்க பார்த்துட்டீங்கன்னு. இன்னைக்கு நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கையைப் பிடிச்சு இழுத்து, குளிப்பாட்டச் சொன்னார். நல்ல சட்டையை எடுத்துக் காட்டினார். தலை வாரி உக்கார வெச்சேன். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, கதவையே பார்த்துக்கிட்டு இருக்கார். நான் கிளம்புறப்ப, 'எங்க... அவன்?'னு கேட்டார்ண்ணா."

இன்னும் வராந்தாவிலேயே இருந்த கமா, கையில் வைத்திருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "போடா" என்றான். இடையில் மூச்சுகூட விடவில்லை.

அக்கா, இத்தனை நாளாக அந்த அறையில் கேள்வி கேட்டது நான் ஒருவன்தான். நீ ஒன்றும் எழுதிப் போட வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.